கோழையா, களைத்தவனா?



என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் மொட்டைமாடித் தக்காளிச் செடியைப் பற்றிய பத்தி அது. 'மத்தியான வெயிலில் செடி க்வெய்ல் ஆகிவிட்டது' என்று ஒரு வரி. என் கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடியது. ஓய்வு பெற்றாலும் வாத்தியார் கை சும்மா இருக்குமா?

"தாத்தா, அகராதியில் பார்த்துத்தானே எழுதினேன்? தளர்ந்தால் என்ன, துவண்டால் என்ன, பயந்தால் என்ன? எல்லாம் ஒன்றுதானே!" என்றாள்.

ஒன்றில்லை செல்வங்களே. க்யூ, யூ, ஏ, ஐ, எல் என்று எழுத்துக்கூட்டும் இந்தச் சொல்லுக்குக் காடை என்ற பறவையும் ஒரு பொருள். ஆனால் வினைச்சொல்லாக வரும்போது அது வேறு சொல். நம்மைவிடப் பெரிய ஒன்றைக் கண்டு மனம் நடுங்குவதை அது குறிக்கும். கணக்கு நோட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில், ஆசிரியர் உங்கள் வரிசையை நெருங்க நெருங்க, வயிற்றில் ஏதோ உருளுமே, அதுதான் க்வெய்ல். தக்காளிச் செடி வெயிலைப் பார்த்துப் பயப்படுமா? அதன் இலைகளில் உள்ள செல்களில் நீர் குறைந்துவிட்டது, இலை தொங்கிவிட்டது. அதற்குச் சொல் வில்ட். சாயங்காலம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் நிமிர்ந்துவிடும். மனிதரைப் பற்றி இந்தச் சொல்லைச் சொன்னாலும் அப்படித்தான். வேர் நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் போதவில்லை.

ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் க்வெய்ல் என்பதற்கு வாடுவது, நலிவது என்ற பொருளும் உண்டு. என் பேத்தி சில நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள்!

உடம்பு தளர்வதற்கு ஒரு கூட்டம் சொற்கள் இருக்கின்றன. ஃப்ளாக் என்றால் கொடி என்று உங்களுக்குத் தெரியும். அதுவே வினையாக வந்தால், வேகம் மெல்ல மெல்லக் குறைவது. காற்று நின்றபின் கம்பத்தில் தொங்கும் கொடியை நினைத்துக்கொண்டால் மறக்காது. எக்ஸாஸ்ட் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. நீரை முழுக்க இறைத்துவிடுவது என்று பொருள். வாளி கிணற்றின் தரையைத் தட்டுகிறது, இனி இறைக்க ஒன்றுமில்லை. களைப்பில் அதுதான் கடைசி நிலை.

1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தச் சொற்களை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். மாரத்தான் ஓட்டம், 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நல்ல வெயில். இத்தாலியைச் சேர்ந்த டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். ஆனால் தலை சுற்றித் தவறான பக்கம் திரும்பிவிட்டார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி 350 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம் ஆயிற்றாம். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பிறர் உதவியால் எல்லையைத் தொட்டதால் அவருடைய வெற்றி செல்லாது என்று ஆகி, அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கப் பதக்கம் போயிற்று. மறுநாள் அலெக்ஸாண்ட்ரா ராணி பியெத்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். அதற்குத் தங்க முலாம் பூசியிருந்தது.

பியெத்ரியின் உடம்பில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. ஆனால் அவர் க்வெய்ல் ஆகவில்லை. பயந்தவன் விழுந்த இடத்திலேயே கிடந்திருப்பான் அல்லவா?

ஃபால்ட்டர் என்று இன்னொரு சொல். நடை தடுமாறினாலும், பேச்சு தடுமாறினாலும் இதுதான். இங்கிலாந்தின் மன்னராக இருந்த ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய். இளவரசராக இருந்தபோது, 1925-இல் வெம்ப்ளி கண்காட்சியின் நிறைவு நாளில் அவர் பேசிய பேச்சு அவருக்கும் கேட்டவர்களுக்கும் பெரும் சங்கடம். மறு ஆண்டிலிருந்து லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சி எடுத்தார். 1939 செப்டம்பர் 3-இல், போர் தொடங்கிவிட்டது என்று நாட்டு மக்களுக்கு வானொலியில் சொல்லவேண்டியிருந்தது. பேசினார். குரல் ஃபால்ட்டர் ஆகும் மனிதர்தான். மைக்கை விட்டு ஓடவில்லை.

ஓடுகிறவனுக்குத்தான் கௌவர்ட் என்று பெயர். எழுத்துக்கூட்டினால் முதலில் பசு வரும், சி, ஓ, டபிள்யூ. ஆனால் பாவம், பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'வால்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது இது. நாமும் 'வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்' என்கிறோமே! எந்த ஊர் நாயானாலும் பயந்தால் வால் கால்களுக்கு நடுவில்தான் போகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வில்ட், ஃப்ளாக், ஃபால்ட்டர் எல்லாம் வினைச்சொற்கள். அந்த நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்பவை. கௌவர்ட் பெயர்ச்சொல். அது ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளும். இதை இலக்கணமாக நான் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஒருமுறை தப்பு செய்தேன்.

ரொம்ப வருடத்துக்கு முந்தைய கதை. சுதந்திர தினத்துக்கு எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை நானே பத்து நாள் பழக்கினேன். மேடை ஏறி நாலு வரி பேசினான். குரல் நின்றுவிட்டது. மைக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரே கோபம். பள்ளிக்கூடமே கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னேன். அதையும் ஆங்கிலத்தில்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். வேலைக்குப் போகிற வழியில், கையில் தூக்குவாளியோடு. "சார், ரெண்டு நாளா புள்ளைக்குக் காய்ச்சல். வேணாம்னு சொன்னேன், கேக்கல. கஞ்சியக்கூட குடிக்காம ஓடியாந்துட்டான்" என்றார்.

காய்ச்சலோடு மேடை ஏறியவனுக்கு நான் கொடுத்த பெயர் அது! அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் அறையில், தனியாக. திட்டியது மட்டும் அத்தனை பேர் முன்னால்.

இதைக் கேட்டுவிட்டுப் பேத்தி, "அடுத்த வருஷம் அவன் பேசினானா, தாத்தா?" என்றாள்.

இல்லை. பெயர் கொடுக்கச் சொன்னேன். "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டான்.

"அப்போ அவன் க்வெய்ல் ஆயிட்டான்" என்றாள். இல்லையம்மா, அதற்கும் தனியாக ஒரு சொல் இருக்கிறது. டிஸ்கரேஜ். அதற்குள் இருக்கும் கரேஜ் என்பது இதயம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிஸ்கரேஜ் என்றால் ஒருவருடைய நெஞ்சுரத்தை எடுத்துவிடுவது. அது தானாக நடக்காது, செய்ய ஓர் ஆள் வேண்டும். எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் ஒன்று. அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் அந்தப் பையன். எழுவாய் நான்.