அப்பாவின் போனுக்குப் புது ஆண்ட்ராய்டு: பட்டனைத் தட்டும் முன்...

கடலூர் முதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பீரோவுக்குள், மடித்துவைத்த வேட்டிக்கு அடியில் ஒரு போகோ எஃப்1 போன். அது அப்பாவுடையது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் போட்டால் உயிர் வந்துவிடுகிறது. சிதம்பரத்தில் தங்கிப் படிக்கும் மகன், சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறான்.

"ம்மா, அப்பா போனை எடுத்துக் குடு. புது ஆண்ட்ராய்டு போட்டுத் தர்றேன். பாப்பா படிக்க வெச்சுக்கட்டும்."

"கடையில குடுக்கணுமாடா? எவ்ளோ கேப்பாங்க?"

"காசே வேணாம்மா. என் லேப்டாப்லயே போட்டுடலாம். உள்ள இருக்கறது மட்டும் அழிஞ்சிடும்."

அம்மாவின் கை பீரோ கதவிலேயே நின்றுவிடுகிறது.

"அப்பா பேசினதெல்லாம் அதுலதானேடா இருக்கு?"

கற்பனை வீடுதான். ஆனால் பழைய போனில் புது இயங்குதளம் போட நினைக்கும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்த அம்மாவின் கேள்விக்குத்தான். கேபிள், சாஃப்ட்வேர் எல்லாம் அதற்கு அப்புறம்.

நல்ல போன் ஏன் பழசாகிறது?

போகோ எஃப்1 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2018 ஆகஸ்ட்டில். வரும்போது ஆண்ட்ராய்டு 8.1. கம்பெனி கடைசியாகக் கொடுத்த பெரிய அப்டேட் ஆண்ட்ராய்டு 10. அதன்பின் பாதுகாப்பு அப்டேட்டுகளும் நின்றுபோயின. ஸ்கிரீன், கேமரா, சிப் எல்லாம் இன்னும் நன்றாக உழைக்கும். சட்டை கிழியவில்லை, தைத்துக் கொடுத்த கடைதான் மூடிவிட்டது.

கடை மூடினால் என்ன நஷ்டம்? புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். ஆப்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களை வாட்ஸ்அப் கைவிட்டது இப்படித்தான். எல்லா ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஒரு நாள் அந்த முறை வரும்.

இங்கேதான் கஸ்டம் ரோம் உதவுகிறது. இதில் சிதம்பர ரகசியம் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை கூகுள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் சாயத்தைப் பூசி விற்கின்றன. அதே நிரலை எடுத்து, கம்பெனி கைவிட்ட போன்களுக்கு ஏற்றபடி தன்னார்வலர்கள் திருத்தி இலவசமாகத் தருவதுதான் கஸ்டம் ரோம். இன்று அதிகம் பேர் அறிந்தது லினேஜ் ஓஎஸ்.

ஒரு சின்னத் தவறில் திறந்த கதவு

இந்தக் கதையின் ஆரம்பமே வேடிக்கையானது. உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, 2008-ல் வந்தது. அதில் ஒரு பிழை இருந்தது. கீபோர்டில் எதை டைப் செய்தாலும், அது திரைக்குப் பின்னால் முழு அதிகாரத்தோடு இயங்கும் கட்டளையாகவும் போய்ச் சேர்ந்தது. யாரோ சாட்டில் 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்ய, போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது! கூகுள் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் போனின் உள்ளறைக்குப் போக முடியும் என்பது அதற்குள் வெளியே தெரிந்துவிட்டது.

2009-ல் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோமைத் தொடங்கினார். அதில் ஜிமெயில், மேப்ஸ் போன்ற கூகுளின் சொந்த ஆப்களும் சேர்ந்திருந்ததால், அதே வருடம் கூகுளிடமிருந்து தடைக் கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டு பொது, கூகுள் ஆப்கள் பொது அல்ல என்று அன்று கோடு பிரிந்தது. லினேஜ் ஓஎஸ்ஸில் பிளே ஸ்டோர் இல்லாததற்கும், அதைத் தனியாகப் போட வேண்டியிருப்பதற்கும் காரணம் அதுதான்.

சயனோஜென் விவகாரம் நம் நாட்டு நீதிமன்றம்வரை வந்தது. இந்தியாவில் அதைப் பயன்படுத்தும் உரிமை தங்களுக்கு மட்டும்தான் என்று மைக்ரோமேக்ஸ் வழக்குப் போட, 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் ஒன் போன் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் டிவிஷன் பெஞ்ச் அதை விலக்கியது. 2016 டிசம்பரில் சயனோஜென் நிறுவனம் தன் சேவையை நிறுத்த, தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு லினேஜ் ஓஎஸ் என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்து வராது. கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியின் ரகசிய செட்டிங்கை மாற்றித் தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்கள் உண்டு. தமிழ் எழுத்துருவுக்காகவே போனை ரூட் செய்தவர்களும் உண்டு.

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. வழியாகவும் இப்படி ஒரு முயற்சி வந்தது. ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அமைப்பு வளர்த்தெடுத்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் உருவாக்கிய பார்ஓஎஸ். வேண்டாத ஆப் எதையும் முன்கூட்டியே திணிக்காததுதான் அதன் முக்கிய வாக்குறுதி. மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் ரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளை மனதில் வைத்தே அது அறிமுகமானது. அப்பாவின் போனுக்கு ஆகக்கூடியது லினேஜ் போன்ற ஒன்றுதான்.

ஏழு நாள் தவணை

போனில் பூட்லோடர் என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். போன் விழிக்கும்போது, உள்ளே வரும் இயங்குதளம் கம்பெனி முத்திரை போட்டதுதானா என்று பார்ப்பது அவர் வேலை. வெளி ஆளை விட வேண்டுமென்றால் முதலில் அவரை விலகச் சொல்ல வேண்டும். எல்லா கம்பெனியும் அதற்குச் சம்மதிக்காது. அனுமதி இல்லாத போன் என்றால் முயற்சி அங்கேயே முடிந்தது.

ஷாவ்மி, போகோ போன்களில் ஒரு எம்ஐ கணக்கைப் போனோடு இணைக்க வேண்டும். அதற்கு வைஃபை போதாது. சிம் போட்டு மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும். பிறகு பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள், காத்திருக்கச் சொல்லும். திருட்டு போனை அவசரமாகத் திறப்பவர்களைத் தடுக்க இது உதவுகிறது.

மகனுக்கு முதல் சிக்கல் அங்கேயே வருகிறது. போனில் இருப்பது அப்பாவின் எம்ஐ கணக்கு. வெளியேற பாஸ்வேர்டு கேட்கிறது. அதை அழிக்காமல் போனைத் துடைத்தால், பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கூகுள் கணக்குக்கும் இதே விதிதான். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா எழுதிவைத்திருந்ததை அம்மாதான் தேடி எடுத்துத் தருகிறார்.

அந்த ஏழு நாளில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பிரதி எடுப்பது. பூட்லோடரைத் திறக்கும் அந்த நொடியிலேயே போனின் உள் நினைவகம் முழுவதும் அழிந்துவிடும். புது ஆண்ட்ராய்டு போடும் கட்டம்வரை அது காத்திருக்காது.

"எல்லாம் கூகுள் போட்டோஸ்ல ஏறியிருக்கும்மா" என்று மகன் சொல்வது பாதிதான் சரி. போட்டோஸ் என்பது படங்களுக்கும் வீடியோக்களுக்கும் மட்டும். குரல் பதிவுகள் அதில் ஏறாது. இந்த வகை போன்களில் அவை 'எம்ஐயூஐ' என்ற ஃபோல்டருக்குள், 'சவுண்ட் ரெக்கார்டர்' என்ற இடத்தில் கிடக்கும். பதிவான அழைப்புகளும் அங்கேதான். கான்டாக்ட், வாட்ஸ்அப் பேக்கப், டவுன்லோடு ஃபோல்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. காப்பி ஆனது என்று விட்டுவிடாமல், பிரதியைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

போடும் விதம்

லினேஜ் ஓஎஸ் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகத் தயாராகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. போகோ எஃப்1-க்கு 'பெரிலியம்'. பெட்டியில் இருக்கும் பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் செல்லப்பெயர் வேறு என்றால் கோப்பு வேறு. மாற்றிப் போட்டால் போன் விழிக்காமல் போகலாம். இந்த வட்டாரத்தில் அதைச் செங்கல் ஆகிவிட்டது என்பார்கள்.

வேலையின் வரிசை இதுதான். காவல்காரரை விலக்கிய பின், 'ரிக்கவரி' எனப்படும் சின்ன அவசரகால அறையைப் போட வேண்டும். அதற்குள் நுழைந்து, பழைய தரவுப் பகுதியைத் துடைத்து, லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக புது இயங்குதளத்தை அனுப்ப வேண்டும். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் ஆப்களை அப்போதே, முதல்முறை போன் விழிப்பதற்கு முன்பே, போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் தகராறு செய்யும். வேலை முடியும்வரை கேபிள் ஆடக்கூடாது. சார்ஜ் நிறைய இருக்க வேண்டும்.

கோப்பை அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். டெலிகிராம் குழுவில் யாரோ தரும் கோப்பைப் போடுவது, முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. இயங்குதளத்தைச் செய்தவர் நினைத்தால் போனில் எதையும் பார்க்கலாம். இறக்கிய கோப்பின் எஸ்.ஹெச்.ஏ-256 எண், தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது ஒரு நிமிட வேலைதான்.

அம்மாவின் போனில் வேண்டாம்

"நல்லா வந்துச்சுன்னா என் போன்லயும் போட்டுக் குடுறா" என்கிறார் அம்மா. மகன் தலையாட்டி மறுக்கிறான். அவன் மறுப்பது சரி.

அம்மா தன் போனில்தான் கேஸ் சிலிண்டருக்கும் காய்கறிக்கும் பணம் அனுப்புகிறார். காவல்காரர் விலகிய போனைப் பல வங்கி ஆப்களும் யு.பி.ஐ. ஆப்களும் நம்புவதில்லை. இன்று வேலை செய்தால் நாளை மறுக்கலாம். குறுக்கு வழிகளால் ஏமாற்றுவது பணம் புழங்கும் போனுக்கு ஏற்றதல்ல. சாம்சங் போன்களில் இன்னொரு சங்கதி: வெளி இயங்குதளம் போட்டால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு முத்திரை நிரந்தரமாக உடையும். பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் ஒட்டாது.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த ஊர் இது. 2024 ஃபெஞ்சலின்போது தென்பெண்ணை வெள்ளம் புகுந்த ஊர். போன் பேச வேண்டிய நேரத்தில் பேசியாக வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ வேலை செய்யாவிட்டால் சாதாரண அழைப்பே போகாது. எனவே புது இயங்குதளம் போட்டதும் முதலில் சோதிக்க வேண்டியது அழைப்பு, எஸ்.எம்.எஸ்., ஜி.பி.எஸ்., அவசர எச்சரிக்கை செட்டிங். *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண் முன்போலவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போடும் முன்பே அதைக் குறித்துவைப்பது நல்லது. அந்த எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிட வேண்டும். 2017-ல் வந்த விதிகளின்படியே அது குற்றம்.

ஆக, வீட்டில் ஒரே போன் என்றால் கஸ்டம் ரோம் வேண்டாம். வாரன்டி உள்ள போனிலும் வேண்டாம். சும்மா கிடக்கும் இரண்டாவது போன் என்றால், குப்பைக்குப் போக வேண்டியது இன்னும் சில வருடம் உழைக்கும்.

அடுத்த சனிக்கிழமை

மகன் மீண்டும் சிதம்பரத்திலிருந்து வருகிறான். லேப்டாப், நல்ல கேபிள், பென் டிரைவ் எல்லாம் தயார். திறக்கும் பட்டனுக்கு மேல் கர்சர் நிற்கிறது.

"இரும்மா, இதைக் கேளு முதல்ல." பென் டிரைவிலிருந்து ஒரு பதிவை ஓடவிடுகிறான்.

"பஸ் ஏறிட்டேன். எட்டு மணிக்கு வந்துடுவேன். பாப்பா சாப்ட்டாளா?" அப்பாவின் குரல்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் இப்படித்தான் கேக்குதாடா?"

"எல்லாத்தையும் ஓடவிட்டுப் பாத்துட்டேம்மா. ரெண்டு எடத்துல இருக்கு."

"அப்ப சரி. போடு."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கொஞ்சம் பயமுறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத்தான் முகப்புத் திரை வந்தது. அழைப்பு போனது. ஐ.எம்.இ.ஐ. சரியாக இருந்தது. பாப்பா கையை நீட்டினாள். "ஒரு நிமிஷம் இரு" என்று மகன் பென் டிரைவைச் செருகினான்.

புது போனில் முதலில் ஏறியது எந்த ஆப்பும் இல்லை. அந்தக் குரல் பதிவு ஃபோல்டர்தான்.