ஐஸ் தண்ணீரும் நகரி மூக்கும்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு அந்த ஊர் விவசாயி ஃபிராங்க் ஸ்டோபர், தம் களத்தில் சிதறிக் கிடந்த கற்றாழை நார்க் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், சுற்றினார், ஆள் உயரத்துக்கு மேலும் சுற்றிக்கொண்டே போனார். 1974-ல் அவர் காலமான பிறகும் ஊரார் விடவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் விழா எடுத்து, வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கயிறு சுற்றிவிட்டுப் போகிறார்கள். இந்தக் கயிற்று உருண்டையைப் பார்க்கப் பெண்டு பிள்ளைகளுடன் நெடுந்தூரம் காரோட்டி வருகிறவர்கள் உண்டு!

இது மட்டுமா? டெக்ஸாஸ் மாநிலத்தில் அமரில்லோ நகருக்கு வெளியே, 1974-ல் பத்துக் காடிலாக் கார்களை மூக்குக் குத்தலாக மண்ணில் நட்டு வைத்தார்கள். மிட்சல் என்ற ஊரில் ஒரு மாளிகையின் வெளிச்சுவர் முழுவதையும் மக்காச்சோளக் கதிர்களால் அலங்கரிக்கிறார்கள். நியூ ஜெர்ஸி கடற்கரையில் 1881-ல் ஒரு மனை வியாபாரி ஆறு மாடி உயரத்துக்கு யானை வடிவக் கட்டடம் எழுப்பினார். எதற்கு? மனை விற்க. புதிதாகப் போட்ட மனைப்பிரிவுகளின் வாசலில் அலங்கார வளைவு எழுப்புகிற நம்மூர்க்காரர்களுக்கு அவர் முன்னோடி!

கோடை விடுமுறை வந்தால் அமெரிக்கக் குடும்பங்கள் காரில் ஏறிக்கொண்டு இப்படிப்பட்ட சாலையோர வேடிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி ஆயிரக்கணக்கான மைல் போகின்றன. அந்தப் பயணங்களை இப்போது நம் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், தவறில்லை. ஆனால் சித்தூரிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கயிற்று உருண்டையைப் பார்த்து வியக்கிற இளைஞனுக்கு, ஜன்னலுக்கு வெளியே கார்வேட்டிநகரம் வந்து போனதே தெரிவதில்லை. அதுதான் வருத்தம்.

இளைஞனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்புக்காக இந்தச் சீமைக்கு வந்த நம்மில் பெரும்பாலோரின் கதை இதுதான். "பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், ஸார். ஆபீஸ், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு. இந்த மூன்றும்தான் தெரியும்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை வேலை முடிந்தால் வேலூருக்கோ, அரக்கோணத்துக்கோ, சென்னைக்கோ பஸ் ஏறிவிடுகிறோம். ஊரில் ஒரு நாள், இங்கே ஆறு நாள். ஆனால் மனம் ஏழு நாளும் அங்கேதான் இருக்கிறது. சம்பளம் கொடுக்கிற ஊரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அப்படி இங்கே பார்க்க என்ன இருக்கிறது? கார்வேட்டிநகரத்திலிருந்தே புறப்படுவோம்.

முதலில் ஊரின் பெயரைப் பாருங்கள். காடு வெட்டி உண்டாக்கிய நகரம், அதாவது 'காடுவெட்டி நகரம்' என்பதே கார்வேட்டிநகரமாயிற்று என்பார்கள். ஒரு காலத்தில் இது ஒரு ஜமீன் சமஸ்தானத்தின் தலைநகரம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன்னால் இது வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. இங்குள்ள ஸ்கந்த புஷ்கரணியின் கற்படிகளில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேணுகோபாலசுவாமி கோயில் இருக்கிறது. இந்த வேணுகோபாலன் மீதுதான் சமஸ்தானக் கவி சாரங்கபாணி தெலுங்கில் பதங்கள் பாடினார். கோவிந்தசாமய்யா வர்ணங்கள் இயற்றியதும் இந்தச் சமஸ்தானத்தில்தான். சென்னையில் மார்கழிக் கச்சேரி கேட்கிற ரசிகர்களின் காதுக்கு இந்த ஊரின் இசை பழக்கமானது. ஊரின் பெயர்தான் பழக்கமில்லை.

அங்கிருந்து புத்தூர். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'புத்தூர்க் கட்டு' என்று ஒரு போர்டு கண்ணில் படும். அந்தப் புத்தூர் இதுதான். பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி இவற்றைக் கொண்டு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். எலும்பு முறிந்தால் முதலில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் ஒரு கிராமத்தின் கைத்தொழில் அண்டை மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் போர்டாகத் தொங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கயிற்று உருண்டைக்கு இல்லாத பெருமையல்லவா இது?

புத்தூரில் சாலை பிரிகிறது. தெற்கே போனால் நகரி. வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் மனிதனின் மூக்கைப் போல ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் ஒரு மலைச் சிகரம் நிற்கும். அதுதான் நகரி மூக்கு. பாய்மரக் கப்பல் காலத்தில் கடலில் வந்த மாலுமிகளுக்கும் அது அடையாளமாக இருந்தது. இங்குள்ள பழம்பெரும் பாறை வகைக்குப் புவியியலார் 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நகரித் தறிகளில் நெய்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, அந்த மூக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு.

கிழக்கே திரும்பினால் நாராயணவனம். சீனிவாசப் பெருமாளுக்கும் பத்மாவதித் தாயாருக்கும் திருமணம் நடந்த ஊர் என்பது ஐதீகம். அந்தக் கல்யாணத்துக்கு மாவு அரைத்தது என்று சொல்லி ஒரு பெரிய திருகைக் கல்லைக் காட்டுகிறார்கள். பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கித்தான் இந்தக் கல்யாணத்தை நடத்தினார், இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது ஊரறிந்த கதை. பிராவிடண்ட் பண்டில் கடன் போட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிற குமாஸ்தாவுக்கு இந்த ஊரைவிட ஆறுதலான ஊர் வேறு எது?

அதே சாலையில் மேலே போனால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக ஏற்படுத்திய ஊர் என்பார்கள். மச்சாவதாரக் கோலத்தில் பெருமாள் நிற்கும் வேதநாராயணர் கோயில் இங்கே இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள், மாலை வெயில் கோபுர வாசல் வழியாக நேரே கருவறைக்குள் போகிறது. முதல் நாள் பாதத்தில், இரண்டாம் நாள் நடு உடலில், மூன்றாம் நாள் திருமுடியில் விழுகிறது. மின்சாரமும் கருவிகளும் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கைப் போட்ட கல்தச்சர்களை என்னவென்று சொல்வது!

அடுத்தது சுருட்டப்பள்ளி. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லையில் கால் வைத்தவுடன் வருகிற ஊர். சிவபெருமான் மல்லாந்து படுத்திருக்கிறார். ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் பார்வதி தேவியின் மடியில் தலை வைத்துப் பள்ளி கொண்டிருக்கும் பள்ளிகொண்டேசுவரர் இவர். பெருமாளைப் படுத்த கோலத்தில் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம். சிவனை இப்படிப் பார்ப்பது அபூர்வம்.

திருப்பதிப் பக்கம் இருப்பவர்கள் ஏர்ப்பேடு அருகே குடிமல்லம் போகலாம். அங்குள்ள லிங்கத்தின் முன்புறத்தில், வேடனைப் போன்ற கோலத்தில் சிவன் நிற்கிறார். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என்று அறிஞர் பலர் கணித்திருக்கிறார்கள். திருமலைக்கு மாதம் தவறாமல் போகிறவர்கள்கூட, மலைப்பாதை வெட்டில் தெரியும் பாறை அடுக்குகளைக் கவனிப்பதில்லை. கீழ்ப் பாறைக்கும் மேல் பாறைக்கும் நடுவே பல கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடத்தையும், மலைமேல் இயற்கையாக அமைந்த சிலாதோரணத்தையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. கோடானுகோடி ஆண்டுகளைப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறோம்!

நிற்க. தெய்வ சந்நிதிகளையும் கயிற்று உருண்டையையும் ஒன்றாகப் பேசலாமா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் பாட்டன் பூட்டன் க்ஷேத்திராடனம் போனபோது கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. வண்டி கட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் மலையைக் காட்டிக் கதை சொன்னார்கள், குளத்தில் இறங்கிக் குளித்தார்கள், திருவிழாக் கடையில் வளையல் வாங்கினார்கள். பக்தியும் வேடிக்கையும் ஒரே வண்டியில்தான் போயின. இன்று நாம் வண்டியை வேகமாக்கிவிட்டு, வழியைத் தொலைத்துவிட்டோம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நான் சொன்ன ஊர்களில் பெரும்பாலானவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. பஸ் சார்ஜும் கட்டுச்சோறும் போதும். இல்லாதது பணமல்ல. பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

அமெரிக்காவில் பலகை அதிகம், பொருள் குறைவு. இங்கே பொருள் அதிகம், பலகை குறைவு. தெற்கு டகோட்டாவில் வால் என்னும் சிற்றூரில், டெட் ஹஸ்டெட் என்பவர் 1931-ல் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். வியாபாரம் இல்லை. கார்கள் புழுதி பறக்கக் கடந்து போயின. 1936 கோடையில் அவர் மனைவி டோரத்தி ஒரு யோசனை சொன்னார். "இலவச ஐஸ் தண்ணீர்" என்று சாலையோரம் பலகை எழுதி வைத்தார்கள். தாகத்தோடு வந்தவர்கள் நின்றார்கள். தண்ணீர் குடித்தார்கள், சாமான் வாங்கினார்கள். அந்தக் கடை இன்று நாடறிந்த இடம். மலையும் இல்லை, சிற்பமும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர்தான் அந்த ஊரை நிமிர்த்தியது.

தண்ணீர்ப் பந்தல் நமக்குப் புதிதா? தமிழில் தண்ணீர்ப் பந்தல், தெலுங்கில் சலிவேந்திரம். பலகை இல்லாமலே தண்ணீர் கொடுத்த நாடு இது. ஆகவே அதிகாரிகளிடம் நாம் கேட்பதும் பெரிதல்ல. ஒவ்வோர் இடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் நாலு வரியில் ஒரு பலகை வேண்டும். சரித்திரத்தைச் சரித்திரமாகவும் ஐதீகத்தை ஐதீகமாகவும் அது சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம் வேண்டும். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர்களைச் சுற்றிவர ஒரு பஸ் விட்டால் புண்ணியமாகப் போகும். குளத்தைச் சுற்றி டீக்கடை பிழைக்கும், ஆட்டோக்காரர் பிழைப்பார். வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் குளத்தைப் பராமரிக்கவும் மனம் வரும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவாகிற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஐம்பது பிள்ளைகளை இந்தச் சாலையில் கூட்டிப் போகலாம். கூடவே தெலுங்குப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஊரின் கதை அவரிடம் இருக்கிறது. கேட்கிறவன் வந்தால் சொல்லக் காத்திருக்கிறார். காக்கர் சிட்டிக்காரன் கயிற்றைப் பற்றிச் சொல்லும்போது காட்டுகிற உற்சாகத்தைவிட அவர் குரலில் அதிகமாகவே இருக்கும்.

இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு "உன் ஊர் எது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. தாத்தா ஊரைச் சொன்னால், அங்கே அவர்கள் விருந்தாளிகள். பிறந்த ஊரைச் சொல்லலாம் என்றால், அதை நாம் காட்டவே இல்லை. வாடகை கொடுத்துக் குடியிருக்கலாம். ஊரை வாடகைக்கு எடுக்க முடியாது. சுற்றிப் பார்த்து, கதை கேட்டு, மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்ட பிறகுதான் ஓர் ஊர் நம்முடையதாகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்வேட்டிநகரத்தில் இறங்குங்கள். கையில் ஒரு கூஜா தண்ணீர் இருக்கட்டும், ஐஸ் வேண்டாம். புஷ்கரணிப் படியில் உட்கார்ந்து, "இது நம்ம ஊர்ப் பக்கம்" என்று அவர்களிடம் ஒருமுறை சொல்லுங்கள்.