அழுக்கல்ல, சரித்திரம்

பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இரண்டு ஆசைகள் உண்டு. கைக்கு வரும் பொருள் மிகப் பழையதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அது புத்தம் புதியதுபோல் பளபளக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. அமெரிக்காவில் பழைய பேஸ்பால் மட்டைகளையும் கையுறைகளையும் தேடிச் சேர்ப்பவர்களிடம் இந்தப் பகையைத் தெளிவாகக் காணலாம்.

பேஸ்பால், கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். கிரிக்கெட்டில் பந்து தடுப்போரில் விக்கெட் கீப்பருக்கு மட்டுமே கையுறை. பேஸ்பாலிலோ களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் உண்டு. மட்டையும் தட்டையானதல்ல, உருளையாகக் கடைந்தெடுத்தது.

ஆரம்ப நாளில் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். 1870-களில் கையுறை அணிந்து களமிறங்கியவர்கள் கேலிக்கு ஆளானார்கள். 1920-ஆம் ஆண்டையொட்டி, பில் டோக் என்ற பந்துவீச்சாளரின் யோசனைப்படி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வார்ப்பின்னல் வைத்த கையுறை வந்தது. அதுவரை கையைக் காக்கும் கவசமாக இருந்தது, பந்தைப் பிடிக்கும் கருவியாக மாறியது. 1953 வரை, தம் அணி மட்டை பிடிக்கும் முறை வந்ததும் ஆட்டக்காரர்கள் கையுறைகளைப் புல்தரையிலேயே போட்டுவிட்டுச் செல்வது வழக்கம். அக்காலத்துக் கையுறையில் மண்ணும் புல்கறையும் படிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அத்தகைய கையுறை கிடைத்ததும் பலர் முதலில் செய்வது, அதை எண்ணெயில் ஊற வைப்பதுதான். தோல் காய்ந்து வெடிக்காமலிருக்கச் சிறிது எண்ணெய்ப் பசை தேவை என்பது உண்மை. ஆனால் அளவு மீறினால் தோல் கறுத்துக் கனத்துத் தொய்ந்துவிடும். அதில் பொறித்த பெயர் முத்திரையும் மங்கிவிடும். அறுந்த வார் ஒன்றை மாற்றப் புகுந்தவர்கள் எல்லா வார்களையும் உருவிப் புதிதாகக் கோத்துவிடுகிறார்கள். துணிச் சின்னத்தைப் பிரித்தெடுத்து வேறொன்றைத் தைக்கிறார்கள். போதாததற்குச் சாயமும் பூசுகிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான்.

மட்டையின் கதி இன்னும் மோசம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் அரை மணி நேரத்தில் புது மட்டை தயார். ஆனால் போனது என்ன? பேப் ரூத் 1927-ஆம் ஆண்டில் 60 முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்தார். அவ்வாண்டு அவர் பயன்படுத்திய மட்டை ஒன்று லூயிவில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மட்டையால் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் ஒன்றாக, முத்திரையைச் சுற்றி அவர் கீறி வைத்த 21 கீறல்கள் அதில் உள்ளன. உப்புத்தாளுக்கு அவை வெறும் கீறல்கள். ஒரு தேய்ப்பில் 21 ஹோம் ரன்களும் போய்விடும்!

'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனின் 'பிளாக் பெட்ஸி' என்னும் மட்டை, புகையிலைச் சாறு தேய்க்கப்பட்டுக் கறுத்தது என்பார்கள். அந்த மட்டை 2001-இல் 5 லட்சத்து 77 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. யாரோ ஒரு சுத்தக்காரர் அந்தக் கறையைப் போக்கியிருந்தால் மிஞ்சுவது ஒரு மரத்துண்டுதான்.

இது வெறும் அழகுணர்ச்சி பற்றிய வழக்கு அல்ல. நாணயம் பற்றிய வழக்கு. ஒரு மட்டை உண்மையிலேயே ஆட்டத்தில் பயன்பட்டதா என்பதை எப்படி அறிகிறார்கள்? பந்தின் தையல் பதிந்த தடம், பிடி வழுக்காமலிருக்கத் தடவிய பைன் பிசின், பூட்ஸ் அடியில் தட்டிய வடு, தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள நீளம், எடை ஆகியவற்றைக் கொண்டுதான். தடயத்தை அழிப்பவர், தம்மையறியாமலே போலிக்காரனுக்கு வழிவிடுகிறார். போலிகளின் பெருக்கம் கற்பனையல்ல. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க எஃப்.பி.ஐ. தொடங்கிய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில், புகழ்பெற்றவர்களின் கையெழுத்தைப் போலியாக இட்டு விற்ற கும்பல்கள் பிடிபட்டன. அன்னை தெரசாவின் பெயரைக்கூடப் பேஸ்பால் பந்தில் போலியாக எழுதியிருந்தார்கள்!

மறுதரப்பார் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. கையுறை அணிவதற்காகச் செய்யப்பட்டது; பரணில் கிடந்து பூஞ்சணம் பிடிப்பதால் அதற்கு என்ன பெருமை? தாத்தாவின் கையுறைக்குப் புது வார் கோத்துப் பேரன் பந்து பிடித்தால் அது நல்ல காரியமே. அதே மாதிரியான கையுறைகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. ஒன்றைப் பழுதுபார்ப்பதால் சரித்திரம் குன்றிவிடாது.

ஆனால் ஒருவருடைய கையும் ஒரு காலமும் பதிந்த பொருள் வேறு. அதற்குத் தேவை மருத்துவமே தவிர ஒப்பனை அல்ல. தூசியை மென்மையான துணியால் துடைக்கலாம். ஈரமும் வெயிலும் படாமல் காக்கலாம். மேலும் கிழியாமல் ஒரு தையல் போடலாம். அதற்கு மேல் கை வைப்பது கல்வெட்டின் மீது சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். எண்ணெயைத் தோலிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. தேய்த்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது.

செய்த பழுதுகளை எழுதி வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய வாரையும் உடன் கொடுக்க வேண்டும். சொல்லிச் செய்தால் அது தொழில். சொல்லாமல் செய்தால் அது மோசடி.

பழம்பொருளுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவரும் சில காலம் அதன் காவலரே. பளபளப்பு வேண்டுமென்பவர்களுக்குக் கடைகளில் புதிய மட்டைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.