வெயிலும் சைக்கிளும்

நமது மாகாணத்துச் சர்க்கார் பள்ளிகளிற் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கப்படுவது போற்றத்தக்க தருமம். வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளார் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள ஏழைக் குடியானவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே ரதம். ரதத்தைக் கொடுத்தவர்கள் அது செல்லும் வழியையும் கவனிக்க வேண்டாமா என்று கேட்கிறோம்.

கோடையின் உக்கிரம் வரவர ஜூன் மாதத்திலும் தணிவதில்லை. 2023-லும் 2024-லும் வெப்பத்தை முன்னிட்டுப் பள்ளித் திறப்பே ஒத்திவைக்கப்பட்டது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை உலராது. உலராத வியர்வை தேகத்தைக் குளிர்விப்பதுமில்லை. சைக்கிள் ஓடும்வரை எதிர்க்காற்று சிறிது ஆற்றுவதால், ஓட்டுகிறவர் தம் களைப்பை உணராமலே அபாயத்தை நெருங்குகிறார். இறங்கி நின்றவுடன் தலை சுற்றுகிறது. நிற்கவோ நிழலில்லை, குடிக்கவோ நீரில்லை.

2024-ல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவியும் விதிக்கப்பட்டது. மாண்ட பின் அளிப்பது நியாயமே. மாளாது காப்பதன்றோ முதற் கடமை?

சாலையை அகலமாக்க முதிர்ந்த புளிய மரங்களை வீழ்த்துகிறவர்கள், அங்கே வேறு நிழல் மரங்களை நட்டு வளர்த்துத் தீரவேண்டும். பள்ளி விடும் வேளை உச்சி வெயிலாகாதபடி கோடையில் மாற்றப்பட வேண்டும். பஞ்சாயத்துகள் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கட்டும். சர்க்கார் செய்யுமளவும் காத்திராமல், பொதுத்தொண்டில் ஈடுபட்ட நமது வாலிபர்கள் இன்றே ஒரு பானை வைப்பார்களாக.