பஸ் வரும் கல்லூரியாப் போடு

பிளஸ் டூ முடிவு வந்ததும் ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்ற செய்தியும் வந்துவிடும். 2024-இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. கல்லூரிச் சேர்க்கையிலும் பெண்கள் பின்தங்கவில்லை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. உயர்கல்வியில் பாலினப் பாகுபாடு ஒழிந்தது என்று சொல்ல இந்த எண்களே போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால், பொறியியல் இளநிலை வகுப்புகளில் மட்டும் பெண்கள் 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நன்றாக மதிப்பெண் எடுத்த பெண்கள் எங்கே போனார்கள்?

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் நாட்களில் எந்தச் சிற்றூரின் கணினி மையத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“கிண்டி காலேஜை மொதல்ல போடலாம்பா. என் கட்-ஆஃப்புக்குக் கிடைக்கும்.”

“ஹாஸ்டல்லாம் வேண்டாம்மா. நம்மூருக்கு பஸ் வர்ற காலேஜாப் பாத்துப் போடு.”

அந்த அப்பா மகளைப் படிக்க வைக்கிறார். கட்டணத்துக்கு நகையையும் அடகு வைப்பார். மகனுக்கு இதே கட்-ஆஃப் என்றால் சென்னைக்கு ரயிலேற்றிவிடுவார். நீட், ஜேஇஇ தேர்வுகளில் முதல்முறை தவறினால் பையனுக்கு இன்னொரு வருடம் கோச்சிங் உண்டு. பெண்ணின் அந்த ஒரு வருடத்தைக் கல்யாண வயதோடு சேர்த்து எண்ணுகிறது குடும்பம். கையில் கிடைத்த பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுகிறாள். சேர்க்கைக் கணக்கில் அவளும் ஒருத்தி. விட்டுக்கொடுத்த இடம் எந்தக் கணக்கிலும் இல்லை.

அரசு மனது வைத்தால் இது மாறும் என்பதற்கு ஐஐடிகளே சான்று. 2016 வாக்கில் அங்கே இளநிலையில் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவீதம். 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. 2020-இல் பெண்களின் பங்கு 20 சதவீதமானது. ஆண்களின் இடம் ஒன்றும் குறையவில்லை; நுழைவுத் தேர்வில் தகுதி பெற்ற பெண்களே சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. படிப்பை நிறுத்தவிருந்த பல வீடுகளில் அந்தப் பணம் மகளுக்காகப் பேசியிருக்கும். ஆனால், விடுதியை நினைத்துப் பெற்றோருக்கு வரும் பயத்தைப் பணத்தால் போக்க முடியாது. அந்தப் பயத்தை நான் பழிக்கமாட்டேன். இரவுப் பேருந்தும் தெருவிளக்கும் சரியில்லாத ஊரில் அது நியாயமானதே.

அந்தப் பயத்துக்குக் கல்லூரிகள் கண்டிருக்கும் மருந்துதான் கொடுமை: பூட்டு. மாணவர் விடுதி திறந்திருக்க, மாணவியர் விடுதிக் கதவு மாலையிலேயே அடைபடும் கல்லூரிகள் ஏராளம். நூலகமும் ஆய்வகமும் இயங்கும் நேரத்தில் அவள் அறையில் இருக்கிறாள். ஒரே கட்டணத்துக்குப் பாதிக் கல்லூரிதான் அவளுக்கு. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் 2022-இல், இரவு 9.30 மணிக்கு மேல் வெளியே செல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டுகிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. இரு பாலர் விடுதிக்கும் ஒரே விதி என்று கேரள அரசு ஆணையிட்டது.

அத்தகைய ஆணை இங்கேயும் வேண்டும். அதோடு, மாவட்டம்தோறும் வளாகத்துக்குள்ளேயே போதிய மாணவியர் விடுதிகளும் இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்குப் பேருந்தும் வேண்டும். கலந்தாய்வில் மாணவியர் தங்கள் கட்-ஆஃப்புக்குக் கிடைக்கக்கூடிய எந்த இடத்தை விட்டு எதை எடுத்தார்கள் என்ற விவரம் அரசின் கணினியிலேயே இருக்கிறது. அதை மாவட்டவாரியாக வெளியிட்டால், எந்த ஊருக்கு முதலில் விடுதி கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.