கேடயத்தில் செருப்பு

ஒரு கேடயம். அதுக்கு மேலே இரும்புத் தலைக்கவசம். அதுக்கும் மேலே சிங்கமோ பருந்தோ. கீழே ஒரு நாடாவில் வீரமான முழக்கம். ஐரோப்பிய நடுக்காலத்துப் பிரபு வீட்டுக் குலச்சின்னம், இன்றைக்குக் கணினி தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் செய்துகொள்ளும் சரக்காகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து சாதிச் சங்க பேனர் வரைக்கும் அந்தச் சாயல் வந்தாச்சு. "நாமளும் ஆண்ட பரம்பரைதானே, நமக்கும் ஒண்ணு வரைஞ்சா என்ன?" என்று கேட்கிற இளைஞர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

வரையலாம், தோழர்களே. தடுக்க எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் வரைவதற்கு முன்னால் அந்தக் கேடயத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துவிடுவோம்.

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்க்களங்களிலும் போட்டிக் களங்களிலும் இந்தச் சின்னங்கள் பரவின. முகத்தை இரும்பு மூடிக்கொண்டால் யார் எந்த ஆள் என்று தெரியாது. கேடயத்தைப் பார்த்து ஆளை அறிய வேண்டும். அதனால்தான் விதிகளும் எளிமையானவை. பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஐந்தும் வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் வரக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியணும், அவ்வளவுதான். பேரை வைத்தே படம் போடுவதும் உண்டு. காஸ்டீல் நாட்டுக்குக் கோட்டை, லெயோன் நாட்டுக்குச் சிங்கம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஓவியக் கலை.

இது பிரபுக்களின் தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நார்மண்டி விவசாயிகள் கேடயம் பொறித்த முத்திரை வைத்திருந்தார்கள். சுவிஸ் குடியானவர்களும் நகரத்துக் கைவினைச் சங்கங்களும் வைத்திருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸ் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பேர் வைத்துக்கொள்வது போல யார் வேண்டுமானாலும் சின்னம் வைத்துக்கொள்ளலாம், அடுத்தவனுடையதை எடுத்து அவனுக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் போதும் என்பது அவர் வாதம்.

இது பொறுக்குமா அதிகாரத்துக்கு? 1417-இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஆணை போடுகிறான். முன்னோர் வழியிலோ, கொடுக்க அதிகாரம் உள்ளவர் கொடுத்தோ வந்தாலொழிய எவனும் சின்னம் தரித்துப் படைக்கு வரக்கூடாது. 1415-இல் அஜின்கோர்ட்டில் தன்னோடு நின்று சண்டை போட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் அரசவைக் கட்டியக்காரர்களுக்கென்று தனிக் கல்லூரியே ஏற்படுத்துகிறான். 1530 முதல் அவர்கள் ஊர் ஊராகப் போய், எவன் வீட்டுச் சின்னம் அசல், எவன் வீட்டுது போலி என்று கணக்கெடுத்தார்கள். போலி என்றால் அழித்தார்கள். 'இன்னார் கனவான் இல்லை' என்று சந்தையில் பேர் சொல்லி அறிவித்தார்கள். நம்ம கூத்துக் கட்டியக்காரன் ராசாவையே நக்கல் பண்ணுவான். அந்த ஊர்க் கட்டியக்காரர் ராசாவின் பரம்பரைக் கணக்குப்பிள்ளை. அந்தக் கல்லூரி இன்றும் லண்டனில் இருக்கிறது. இன்றும் ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டணம் வாங்கிக்கொண்டுதான் சின்னம் வழங்குகிறது.

பொம்பளைக்கு என்ன இடம்? சண்டைக்குப் போகாதவளுக்குக் கேடயம் எதற்கு என்று கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் சாய்சதுரக் கட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டுப் பெண்ணாக இருந்தால்தான் அவள் வீட்டுச் சின்னம் அவள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் தாய்வழி அத்தோடு அழிந்தது. குலச்சின்னம் என்பது அப்பன்வழிச் சொத்துப் பத்திரம்தான்.

இதே காலத்தில் இன்னொரு சின்னமும் இருந்தது. குலச்சின்ன ஓவியம் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. 1215-இல் நான்காம் லேத்தரன் திருச்சபைக் கூட்டம், யூதர்களும் முஸ்லிம்களும் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் 1218-இலேயே யூதர் நெஞ்சில் துணி வில்லை ஏறிவிட்டது. 1275-இல் அது மஞ்சள் நிறமாக இருக்க வேண்டும், ஏழு வயதைத் தாண்டிய எல்லோரும் அணிய வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 1290-இல் நாட்டை விட்டே துரத்தினார்கள். ஒரே நூற்றாண்டு, ஒரே ஊர். ஒருத்தன் நெஞ்சில் அவனே வரைந்துகொண்ட சிங்கம், இன்னொருத்தன் நெஞ்சில் அடுத்தவன் தைத்துவிட்ட மஞ்சள் துணி. இரண்டுமே தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காட்டத்தான். ஒன்று விலகி வழிவிடச் சொல்கிறது. மற்றது கல்லெடுத்து அடிக்கச் சொல்கிறது. ஆக, சின்னம் அழகா இல்லையா என்பதல்ல கேள்வி. தூரிகை யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

தூரிகை நம் கைக்கே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் பார்ப்போம்.

ஜான் ஷேக்ஸ்பியர். நாடகக்காரர் வில்லியமின் அப்பா. ஸ்ட்ராட்போர்டில் கையுறை செய்கிறவர். மென்தோல் பதனிடுகிறவர். நம்ம பாஷையில் சொன்னால் தோல் வேலைக்காரர். 1596-இல் அந்தக் குடும்பத்துக்குச் சின்னம் கிடைத்தது. பொன் நிறக் கேடயம், குறுக்கே கருப்புப் பட்டை, பட்டையில் வெள்ளி முனை வைத்த ஈட்டி, மேலே பருந்து. பேரில் ஈட்டி இருப்பதால் கேடயத்திலும் ஈட்டி. முழக்கம் என்ன தெரியுமா? 'உரிமை இல்லாமல் அல்ல' என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம். அந்தக் கேடயத்தில் தோல் இல்லை, கையுறை இல்லை. தைத்த ஊசி இல்லை. குடும்பத்துக்குச் சோறு போட்டதை மறைத்துவிட்டு, தூக்கியே பார்க்காத ஈட்டியை வரைந்து வைத்தார்கள். அப்படியும் விட்டானா? 1602-இல் ரால்ப் புரூக் என்ற கட்டியக்காரர், தகுதியில்லாதவனுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று போட்ட புகார்ப் பட்டியலில் 'கூத்தாடி ஷேக்ஸ்பியர்' பேரும் இருந்தது. தோலை மறைத்தாலும் மேலே இருக்கிறவன் மோப்பம் பிடித்துக்கொண்டேதான் இருப்பான்.

ஜான் ஹாக்கின்ஸ் இன்னொரு ஆள். 1562-இல் கப்பலோட்டி ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கரீபியத் தீவில் விற்றவன். 1565-இல் அவனுக்குக் கிடைத்த சின்னத்தில் தலைக்கவசத்தின் மேல் நிற்பது சிங்கமல்ல. கயிற்றால் கட்டப்பட்ட ஒரு கருப்பு மனிதனின் இடுப்புக்கு மேற்பட்ட உருவம். வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை, பெருமையாக உச்சியில் வைத்தான். மற்ற பிரபுக்களின் சிங்கத்துக்கும் கோட்டைக்கும் அடியிலும் கட்டப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். இவன் வெளியே எடுத்துக் காட்டினான், அதுதான் வித்தியாசம்.

இதற்கெல்லாம் பதில் சொன்ன சின்னமும் அதே காலத்தில்தான் பிறந்தது. ஜெர்மன் பேசும் நாட்டில் பிரபுவின் காலில் குதிமுள் மாட்டிய பூட்ஸ். குடியானவன் காலில் நீளமான தோல் வாரால் கணுக்காலோடு கட்டிக்கொள்ளும் செருப்பு. அதற்கு 'புண்ட்ஷூ' என்று பேர். 1493-இல் அல்சாஸ் பகுதியின் ஷ்லெட்ஷ்டாட்டில் ரகசியமாகக் கூடிய விவசாயிகள் அந்தச் செருப்பையே தங்கள் சின்னமாக எடுத்தார்கள். 1502-இல் யோஸ் ஃபிரிட்ஸ் தலைமையில் மறுபடியும். அவர் ஒரு மேற்றிராணியாரின் பண்ணையடிமை. ஒருத்தன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டதால் திட்டம் உடைந்தது. பலர் தலை போயிற்று. ஃபிரிட்ஸ் தப்பினார், 1513-இல் திரும்பவும் ஆள் சேர்த்தார். அப்போது செருப்பு வரைந்த கொடி எழுதித் தர ஓவியன் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பயம். கடைசியில், தான் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன், அதனால்தான் செருப்புப் படம் கேட்கிறேன் என்று சொல்லி ஒரு ஓவியனிடம் எழுதி வாங்கினார் என்று வரலாறு சொல்கிறது. ராசாவின் சிங்கத்துக்கு ஓவியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு செருப்பை வரையக் கை நடுங்குகிறது. எந்தச் சின்னத்துக்கு அதிகாரம் பயந்தது என்று இதிலேயே தெரியலையா?

1525-இல் அந்தக் கோபம் பெரும் விவசாயப் போராக வெடித்தது. பண்ணையடிமைத்தனம் கூடாது என்று மெம்மிங்கனில் எழுதப்பட்ட 12 கோரிக்கைகளில் ஒன்று சொன்னது. தோற்றார்கள். ஒரு லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் செருப்பு செருப்பாகவே நின்றது, சிங்கமாக மாறவில்லை.

நமக்கு இது புரிவதற்கு விளக்கவுரை வேண்டாம். செருப்பைத் தைத்துக் கொடுத்தவன் அதே செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடக்க முடியாது. கையில் தூக்கிக்கொண்டு நடந்த அப்பன் பாட்டன் நமக்கு உண்டு.

ஒரு நியாயமான கேள்வி வரும். "தொழிலையும் செருப்பையும் வரையச் சொல்றீங்களே, அதுதானய்யா நம்ம தலையில கட்டின இழிவு. மஞ்சள் துணியை நாமளே எடுத்துத் தச்சுக்கணுமா?" சரியான கேள்வி. திணிக்கப்பட்ட தொழிலைப் பெருமை என்று பாடினால் அது சாதிக்கே தாலாட்டு. ஆனால் புண்ட்ஷூ தொழிலுக்குப் பாடிய புகழ் அல்ல. எதை வைத்து இழிவு செய்தாயோ அதை உன் முகத்துக்கு நேரே உயர்த்துகிறேன் என்ற அறிவிப்பு. அது எந்தக் குடும்பத்தின் சின்னமும் இல்லை என்பதுதான் இன்னும் முக்கியம். அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கவில்லை, ரத்தம் பார்க்கவில்லை. சேர்ந்து நிற்க வந்தவனுக்கெல்லாம் அது சொந்தம். பிறப்பால் இறங்குகிற சின்னம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சாதியின் தர்க்கம்தான்.

அதனால் ஆண்ட பரம்பரைக் கனவில் சிங்கத்துக்குப் பிடரி வரைந்துகொண்டிருக்கும் தம்பிமார்களே, ஆண்டவன் சின்னத்தின் அடியில் எப்போதும் ஒருத்தன் கட்டுண்டு கிடப்பான். நாம் கிடந்த இடம் அது. இன்னொருத்தனை அங்கே கிடத்துவதற்கா நமக்கு விடுதலை? கட்டாயம் வரையத்தான் வேண்டுமென்றால் நடுக்காலத்து விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீல வயல், அதில் வெள்ளியில் ஒரு ஜோடி செருப்பு. வண்ணத்தின் மேல் உலோகம், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். தலைக்கவசமும் கிரீடமும் வேண்டாம். கீழே உங்கள் குடும்பப் பெயரை எழுதாதீர்கள். சேரியின் பெயரை எழுதுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு, காலில் செருப்போடு, மேலத்தெரு வழியாக எல்லோரும் சேர்ந்து நடப்போம்.