தராசு எந்தத் தெருவில் தொங்குகிறது?

தேவை மதிப்பீடு என்று ஒரு சொல் இருக்கிறது தோழர்களே. ஊட்டச்சத்துத் திட்டம் எதுவானாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள். ஜீப்பில் வருவார்கள். பிள்ளைகளை எடை போடுவார்கள், கைச்சுற்றளவு எடுப்பார்கள், இந்த ஊருக்கு என்ன குறை என்று படிவத்தில் எழுதிக்கொண்டு போவார்கள். ராமநாதபுரத்துக் கரையில் அளக்கப்படாத பிள்ளையே இருக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நானும் அளந்தவன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் படித்தபோது விடுமுறையில் ஒரு நிறுவனத்துக்காகக் கணக்கெடுக்கப் போனேன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஊர்ச் சாவடியில் தராசைக் கட்டினோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் வந்தார்கள், மோர் வந்தது. மத்தியானச் சாப்பாடு ஒரு பெரிய வீட்டில். "தம்பிக்கு எந்தூரு, எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். பக்கத்து டவுன் பெயரைச் சொல்லிச் சமாளித்துவிட்டுச் சாப்பிட்டேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை. அது வேறு கதை.

காலனி கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம். "அவங்கள இங்கிட்டு வரச் சொல்லுங்க தம்பி, எல்லாத்துக்கும் பொது எடந்தான" என்றார் ஒருத்தர். சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை. நாலு மணிக்கு ஜீப் கிளம்ப வேண்டும். மேற்பார்வையாளர் மிச்சப் படிவங்களை என் கையில் திணித்து, "ஒனக்குத் தெரியாததா, போட்டு முடி" என்றார். டவுன் பெயரை அவர் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டு முடித்தேன். பார்க்காத பிள்ளைகளுக்கு எடை எழுதினேன். அவர்களுடைய தாய்மார் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதினேன். அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினேன்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் இப்போது நான் அடிக்க வேண்டியிருக்கிறது.

விழிப்பு இல்லாமலா வரவில்லை? 1957ல் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார்ந்த மறுநாள், செப்டம்பர் 11ல், இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இந்த மாவட்டத்தில் ஊர்ச் சாவடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்பது சும்மா ஒரு அழைப்பா? அவர்கள் விழித்திருந்ததால்தான் வரவில்லை.

இந்தத் தராசுக்கு ஒரு சரித்திரம் உண்டு. உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. அன்றைக்குப் பிரிக்கப்படாதிருந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கும் ரொம்ப மெலிந்த பிள்ளைக்கும் மட்டும் 90 நாள் சத்து உருண்டை. அரைக் கிலோ ஏறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். எல்லோருக்கும் போட்டால் செலவு கூடுமாம். கடுமையான சத்துக்குறைவு இதனால் குறைந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் தராசில் ஏறினால்தான் உருண்டை என்றால், தராசு தொங்கும் தெருதானே முதல் நிபந்தனை? அதை எந்தக் கடன் பத்திரத்தில் எழுதினார்கள்?

1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அளந்து போடு என்றது வங்கி, எல்லாப் பிள்ளைக்கும் போடு என்றது அரசு. படித்தவர்கள் இந்த வழக்கை ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அடுப்பு எங்கே எரிகிறது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை. அதைக் கேட்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் எழுதிய ஐந்து மாநில ஆய்வில், தமிழ்நாட்டில் மதிய உணவு போடும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சேரியில் இல்லை என்று வந்தது. பெரியார் மண் என்று மேடையில் முழங்குகிறோம். 2018ல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவு வேண்டாம் என்று பள்ளியை மறித்ததும் இந்த மண்ணில்தான்.

கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே கடையர்கள் இருக்கிறார்கள். சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்கள், கடலில் முங்கிப் பிழைத்தவர்கள், பட்டியல் சாதி. மீன்பிடிக் கிராமம் என்று ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறவருக்கு வலை உள்ளவனும் ஒன்று, வலை இல்லாதவனும் ஒன்று. ஒரு தலித் குடும்பம் சர்ச்சுக்குப் போனால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியலிலிருந்தும் போய்விடுகிறது, படிவத்தில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறது. குடிசை நகரவில்லை, தண்ணீர்க் குழாயும் நகரவில்லை. கட்டம் மட்டும் நகர்ந்துவிட்டது.

அப்புறம் பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. விடியுமுன் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவர்கள். 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டுகிறது. பாசி அழியக் கூடாது என்று, அமாவாசை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமி ஒட்டி ஆறு நாள் என்று தாங்களே கூடிப் பேசி வரம்பு வைத்துக்கொண்டார்கள். கடலுக்கே தேவை மதிப்பீடு செய்தவர்கள் இவர்கள். பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று இவர்களிடம் யாராவது கேட்டதுண்டா?

நான் கேட்டேன், ரொம்பத் தாமதமாக. 2007ல் அந்தக் காலனிக்குத் திரும்பிப் போனேன். பாசிக்குப் போகிற ஒரு அக்கா சொன்னார்: "எடை போடுற அன்னைக்கு நான் கடல்ல கெடக்கேன் தம்பி. புள்ள கெழவிகிட்ட. கெழவிக்குக் கண்ணு தெரியாது. அவ எப்படித் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் வருவா? வந்தாலும் அந்த டீச்சரு புள்ளயத் தொடுமா?"

இந்த நாலு வரியில் இருக்கிற மதிப்பீடு நான் நிரப்பிய படிவக் கட்டில் இல்லை.

இன்றைக்குக் கதை மாறிவிட்டது என்பார்கள். 2018ல் நிதி ஆயோக் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களுக்கு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அழகாகப் பெயர் சூட்டியது. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும். மாவட்டத்துக்கு மாவட்டம் மதிப்பெண், ஓட்டப்பந்தயம். 2021ல் அங்கன்வாடிக்குக் கைப்பேசிச் செயலியும் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை என்கிறது. எந்தத் தெருப் பிள்ளை? மாவட்ட அறிக்கைத் தாளில் சாதிக்குப் பத்தி இல்லை. ஊரையும் சேரியையும் ஒரே பானையில் கரைத்துச் சராசரி என்று ஊற்றுகிறார்கள்.

"எல்லாத்துலயும் சாதியப் பாக்குறீங்க" என்று ஒரு முற்போக்கு நண்பர் வருத்தப்பட்டார். காலனிக்குத் தனி மையம் கேட்பது பிரிவினையாம், பொது இடத்தில் சேர்ந்து உண்பதுதான் முன்னேற்றமாம். ஐயா, பொது இடம் ஏன் எப்போதும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது? காலனியில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் கருவேலங்காட்டைத் தாண்டி நடந்து வரட்டும். எங்கள் அக்கா ஆக்கியதைச் சாப்பிடட்டும். அதைவிடப் பெரிய சமபந்தி எது?

நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடியில் முன்னுரிமை. மையம் இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம். கேட்டால் என்று சொன்னதைக் கவனியுங்கள். தேவையைச் சொல்லும் வாய் ஜீப்பில் வருகிறவனுடையது அல்ல, காலனியுடையது.

நான் 2007ல் போனது அதற்காகத்தான். அந்த அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் வீடு வீடாக எழுதினார்கள். பிள்ளையின் பெயர், வயசு, தாய் எந்த நாளில் கடலில், எந்த மாதம் கரிமூட்டத்துக்கு வெளியூரில், பகலில் பிள்ளை யார் கையில், தண்ணீர் எங்கிருந்து, ஊர்ப் பால்வாடிக்குப் போனபோது எங்கே உட்காரவைத்தார்கள். நான் செய்தது கோடு போட்டுக் கொடுத்ததுதான். நாற்பதைத் தாண்டியது.

மனுவை வாங்கிய அதிகாரி நோட்டைப் புரட்டினார். "இத எடுத்தது யாரு?"

"நாங்கதான்" என்றார் அக்கா.

"நீங்களே எடுத்துக்கிட்டா எப்படிம்மா? நாங்க ஆள் அனுப்பி மதிப்பீடு பண்ணணும்."

"அனுப்புங்க சார். தராசச் சாவடியில கட்ட வேணாம், காலனியில கட்டச் சொல்லுங்க. எந்தத் தேதின்னு நாங்க சொல்றோம்."

ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம். மூன்று மாதம் என்றது உத்தரவு. நாலு வருசம் ஆனது. இடையில் எத்தனை முறை அந்த அலுவலகத்துப் படி ஏறினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மையம் வந்தது, ஓலைக் கொட்டகையில், காலனிக்குள்.